அம்மாபேட்டை லேத் பட்டறை: இரண்டாவது புஷ்ஷும் முதல் புஷ் மாதிரியே இருக்கிறது

விசைத்தறி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ஒவ்வொரு தறியையும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு இடத்தில் வாங்கிப்போட்டவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சேலம் அம்மாபேட்டையில், உள்ளடங்கிய ஒரு சந்தில், மூன்று லேத்தும் (இரும்பைக் கடையும் மெஷின்) ஒரு மில்லிங் மெஷினும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து ஒரு தம்பி பட்டறை நடத்துகிறார். பெயர்ப் பலகை கிடையாது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க்கா, இருக்கற வேலையையே முடிச்சுக் குடுக்க முடியல. புதுசா ஆளுங்க வந்து நின்னா பழைய ஆளுங்ககிட்டத்தான் திட்டு வாங்கணும்" என்றார். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் எந்தத் தறி மேஸ்திரியிடமும் "கேஜ் வெச்சுப் பாக்கற பட்டறை எது" என்று கேளுங்கள், கையைக் காட்டுவார்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு மாமனார் காலத்துத் தறிக்கூடத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டு தறிகள், வேட்டியும் துண்டும் ஓடுகின்றன. பன்னிரண்டும் ஒரே ஜாதி கிடையாது. எந்தெந்த ஊர் ஃபவுண்டரியிலோ வார்த்து எடுத்தவை, அதில் இரண்டு கை மாறி வந்தவை. ஒரு தறியின் கிராங்க் ஷாஃப்ட் புஷ்ஷை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையத்தை, கழற்றிப் பக்கத்துத் தறியில் போட்டால் உட்காராது. பல்சக்கரமும் அப்படித்தான். கடையில் "தறி புஷ்" என்று கேட்டு வாங்கி வந்தாலும் மேஸ்திரி உட்கார்ந்து அரத்தால் ராவி, சுத்தியலால் தட்டி, மறுபடி ராவித்தான் பொருத்துவார். அரை நாள் போய்விடும். தறி நின்றால் எனக்கு மட்டும் நஷ்டம் இல்லை. தறி ஓட்டும் பெண்களுக்கு நெய்த மீட்டருக்குத்தான் கூலி. அந்த அரை நாள் அவர்கள் வீட்டு அரிசிக்காசு.

இந்தத் தம்பியிடம் முதலில் ஒரு பாட்டம் ஷாஃப்ட் புஷ்ஷைத்தான் கொண்டுபோனேன். அவர் புஷ்ஷை மட்டும் பார்த்து வேலையை ஆரம்பிக்கவில்லை. தறிக்கூடத்துக்கே வந்து ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்தார், புஷ் உட்காரும் ஹவுசிங்கை அளந்தார், ஒரு நோட்டில் படம் வரைந்து அளவு குறித்துக்கொண்டார். அப்புறம் பன்னிரண்டு தறியையும் அப்படியே அளந்து மூன்று வகையாகப் பிரித்தார். "அக்கா, பன்னெண்டு அளவு வேண்டாம். ஷாஃப்ட்டைக் கொஞ்சம் பாலிஷ் அடிச்சுட்டா மூணே அளவுல அடக்கிடலாம். நான் மூணு கேஜ் செஞ்சு வெச்சுக்கறேன். இனிமே போன்ல தறி நம்பர் சொன்னாப் போதும்" என்றார்.

கேஜ் என்பது ஒரு இரும்பு உருளை, அவ்வளவுதான். ஒரு முனை புஷ் ஓட்டைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. முதல் முனை போகாவிட்டால் ஓட்டை சின்னது, இரண்டாவது முனையும் போய்விட்டால் ஓட்டை பெரியது. வேலை கற்க வந்த பையன்கூட அளவுகோல் படிக்கத் தெரியாமலே நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் பிரித்துவிடுவான். அன்றைக்கு அவர் ஒரு தட்டில் எட்டு புஷ்ஷை வரிசையாக வைத்து, நீங்களே எதையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். கையில் வந்ததை எடுத்துப் போனேன். மேஸ்திரி அரத்தைத் தொடவே இல்லை.

இதைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது போஃபர்ஸ் பீரங்கி. இரண்டாம் உலகப் போரில் விமானங்களைச் சுடப் பயன்பட்ட, சுவீடன்காரர்கள் வடிவமைத்த 40 மில்லிமீட்டர் பீரங்கி அது. அருமையான ஆயுதம். அமெரிக்கா அதைச் செய்ய முடிவெடுத்து, கார் செய்துகொண்டிருந்த கிரைஸ்லர் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தது. சுவீடனின் வரைபடங்களைப் பிரித்துப் பார்த்தால், பல பாகங்களுக்குப் பக்கத்தில் "பொருத்தும்போது ராவிக்கொள்ளவும்", "பொருத்தும்போது துளையிட்டுக்கொள்ளவும்" என்று குறிப்பு எழுதியிருந்தது. என் மேஸ்திரி செய்வதேதான். கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு பீரங்கியையும் தனித்தனியாக இழைத்து முடிக்கலாம், ஆனால் அப்படி ஆயிரக்கணக்கில் செய்ய முடியாது. கிரைஸ்லர் எல்லா வரைபடங்களையும் திரும்ப வரைந்து, எந்தப் பாகமும் எந்தப் பீரங்கியிலும் உட்காரும்படி அளவு வைத்து, பல்லாயிரக்கணக்கில் செய்து தள்ளியது.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கும் மெர்லின் என்ஜினைச் செய்தது ரோல்ஸ் ராய்ஸ். எண்ணிக்கை போதவில்லை என்று பிரிட்டனின் ஃபோர்டு கம்பெனியையும் செய்யச் சொன்னார்கள். ஃபோர்டின் பொறியாளர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இதை வைத்துச் செய்ய முடியாது என்றார்கள். அளவு அத்தனை நுணுக்கமாக இருக்கிறதோ என்று ரோல்ஸ் ராய்ஸ்காரர் நினைக்க, பதில் நேர்மாறாக வந்ததாம்: நீங்கள் விட்டிருக்கும் இடைவெளி எங்களுக்கு ரொம்ப அதிகம், கார் என்ஜினையே இதைவிடத் துல்லியமாகச் செய்கிறோம் என்று. ரோல்ஸ் ராய்ஸில் கைதேர்ந்த ஆட்கள் பாகங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடு ஒன்று இணைத்துச் சரிசெய்துவிடுவார்கள். ஃபோர்டில் அந்த வேலைக்கே இடம் கிடையாது. தொட்டியில் கையை விட்டு எந்தப் பாகத்தை எடுத்தாலும் உட்கார வேண்டும். வரைபடங்களைத் திரும்பப் போடவே ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. அதற்கப்புறம் மான்செஸ்டரில் டிராஃபோர்டு பார்க்கில் இருந்த அந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட என்ஜின்கள் வெளிவந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும் பகுதியினர் அதற்கு முன்னால் என்ஜினைத் தொட்டே பார்க்காதவர்கள், பெண்கள் ஏராளம்.

நான் வகுப்பெடுத்த வருஷங்களில் பாடப்புத்தகத்தில் ஸ்டாலின்கிராடு வரும், நார்மண்டி வரும், யால்டா மாநாடு வரும். லேத் வராது. ஸ்டாலின்கிராடுக்கு டாங்கி எங்கிருந்து வந்தது என்று எந்தக் கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை. 1941-ல் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தபோது சோவியத் நாடு 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி யூரல் மலைப் பக்கமும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனது. கார்கிவ் நகரத்து டாங்கித் தொழிற்சாலை நிஷ்னி தகில் என்ற ஊருக்குப் போய் இறங்கியது. அந்த வருஷம் டிசம்பரிலேயே அங்கிருந்து டாங்கி வெளியே வர ஆரம்பித்துவிட்டது. ரயில் பெட்டி செய்துகொண்டிருந்த கொட்டகைக்குள், யூரல் குளிரில், பெண்களும் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளும் நின்று செய்தார்கள். பிள்ளைகளுக்கு லேத் எட்டாது என்று காலடியில் பெட்டி போட்டுக்கொடுத்தார்கள். ஒரு ஆசிரியையாக எனக்கு அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும்.

அங்கே டி-34 டாங்கியின் கவசத் தகடுகளை இணைக்கக் கைதேர்ந்த வெல்டர்கள் போதவில்லை. கீவிலிருந்து தன் ஆய்வுக்கூடத்தோடு அதே ஊருக்கு வந்து சேர்ந்திருந்த பாட்டன் என்ற விஞ்ஞானி, தானாகவே பற்றவைக்கும் இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தார். அனுபவம் இல்லாத ஆளும் அதை ஓட்டலாம், பற்றும் உறுதியாக இருக்கும். போருக்குள் டி-34 மட்டும் 50,000-க்கும் மேல் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஷெர்மன் ஏறக்குறைய 49,000. ஜெர்மனியின் புகழ்பெற்ற டைகர் டாங்கியின் முதல் வகை மொத்தமே சுமார் 1,350. நேருக்கு நேர் நின்றால் டைகர்தான் பலசாலி, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அது செய்வதற்கு வெகுநேரம் பிடிக்கும், பழுதானால் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு. 1943 ஜூலையில் குர்ஸ்க் சண்டைக்கு ஜெர்மனி 200 பாந்தர் டாங்கிகளைப் புதிதாக இறக்கியது. கண்ணிவெடியும் எதிரியின் குண்டும் பாதி, தன் சொந்த என்ஜின் கோளாறும் கியர் கோளாறும் பாதி என்று, ஒரு வாரத்துக்குள் ஓடும் நிலையில் இருந்தவை சொற்பமாகிவிட்டன. மேலிடத்துக்கு மாதாந்திரக் கணக்கில் முழு டாங்கிதான் வேண்டும், ஸ்பேர் பாகத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. போர் தொடங்குவதற்கு முன்பே ஜெர்மன் ராணுவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை லாரிகள் இருந்தன. வகைகளைக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். அது முழுசாக நடப்பதற்குள் போர் வந்துவிட்டது, பிடித்த நாடுகளின் லாரிகளும் வந்து சேர்ந்துகொண்டன. ரஷ்யாவில் சேற்றில் ஒரு லாரி நின்றால் அதற்கான பாகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று தேட வேண்டும். என் பன்னிரண்டு தறியையும் மூன்று அளவுக்குள் அடக்கிய அன்று அந்த லாரிகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1944-ல் ஜெர்மனி ஏறக்குறைய 40,000 விமானங்கள் செய்தது, அதற்கு முந்தைய எந்த வருஷத்தையும்விட அதிகம். ஓட்டப் பெட்ரோலும் இல்லை, பயிற்சி பெற்ற விமானியும் இல்லை. அதே வருஷம் அமெரிக்கா செய்தது 96,000. அதற்கு எண்ணெயும் இருந்தது, ஆளும் இருந்தார்கள்.

முதல் உலகப் போர் இதைவிடக் கொடுமையான பாடம். 1915-ல் பிரிட்டிஷ் படைக்குக் குண்டு போதவில்லை என்று பெரிய கூச்சல் எழுந்து, அதற்கென்றே ஒரு அமைச்சகம் வைத்து லாயிட் ஜார்ஜ் பொறுப்பேற்றார். பழக்கமே இல்லாத பட்டறைகளுக்கெல்லாம் ஆர்டர் போனது. குண்டு மலை மாதிரி குவிந்தது. 1916 ஜூன் கடைசியில் சோம் நதிக்கரையில் ஒரு வாரம் விடாமல் 15 லட்சத்துக்கும் மேல் குண்டு வீசினார்கள். அதில் கணிசமான பங்கு வெடிக்கவே இல்லை. ஃபியூஸ் சரியில்லை, அளவு சரியில்லை, அவசரத்தில் சோதனையும் சரியில்லை. முள்வேலியும் பதுங்குகுழியும் அழிந்திருக்கும் என்று நம்பி ஜூலை 1 காலையில் வெளியே வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் அன்று ஒரே நாளில் செத்தவர்கள் 19,000-க்கும் மேல். வெடிக்காத குண்டுகள் இன்றைக்கும் பிரான்சில் உழும்போது மேலே வருகின்றன. அந்தக் குண்டுகளில் மருந்து நிரப்பிய பெண்களுக்கு டி.என்.டி. என்ற அந்த வெடிமருந்து பட்டு உடம்பே மஞ்சளாகிவிட்டது.

இந்தப் பட்டறையில் கேஜில் தேறாத பீஸ் வெளியே போகாது. ஓரத்தில் ஒரு டப்பா வைத்து அதில் போட்டுவிடுகிறார். என் கண்ணெதிரிலேயே, பார்க்கப் பளபளவென்று நன்றாக இருந்த ஒரு புஷ்ஷை அதில் போட்டார். "போட்டாலும் ஓடுங்க்கா, ஆனா மூணு மாசத்துல ஆட்டம் குடுக்கும்" என்றார். இதற்கு முன் நான் போய்க்கொண்டிருந்த வேறொரு பட்டறையில் அதுதான் நடந்தது. பொங்கல் வேட்டி ஆர்டர் நெருக்கும்போது, மாற்றிக் கொஞ்ச காலமே ஆன புஷ் ஆட்டம் கொடுத்து, பிக்கிங், அதாவது ஊடை நூல் கொண்டுபோகும் நாடாவை அடித்துத் தள்ளுவது, சரியில்லாமல் நாடா பாதியில் நின்று, பாவு நூலே அறுந்துபோனது. திரும்பப் போய்க் கேட்டால் "ஷாஃப்ட் தேய்மானம்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

சரி, குறையையும் சொல்கிறேன். இங்கே கடினப்படுத்தும் வேலை, அதாவது ஹார்டனிங், கிடையாது. பிக்கிங் நோஸ் மாதிரி அடி வாங்கும் பாகத்தை வெளியே ஒரு இடத்துக்கு அனுப்பித்தான் வாங்குகிறார். அந்த இடத்தில் கூட்டம் என்றால் இவர் என்ன செய்தும் பயன் இல்லை, மற்ற எல்லா வேலையும் முடிந்த பாகம் அங்கே போய்த் தூங்கும். ஒரே ஒரு இடத்தை நம்பியிருப்பதன் ஆபத்து இது. ஜெர்மனியின் பால் பேரிங் உற்பத்தியில் பெரும் பகுதி ஷ்வைன்ஃபர்ட் என்ற ஒரே நகரத்தில் இருந்தது. பேரிங் இல்லாமல் டாங்கியும் ஓடாது, விமானமும் பறக்காது என்று கணக்குப் போட்டு அமெரிக்க விமானங்கள் 1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அங்கே குண்டு போட்டன. அக்டோபர் 14 அன்று போன 291 விமானங்களில் 60 திரும்பவில்லை. அதற்கப்புறம் பல மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த இடைவெளியில் ஜெர்மனி இயந்திரங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து வைத்தது, கையிருப்பை எடுத்தது, சுவீடனில் வாங்கியது, பேரிங் குறைவாகப் பிடிக்கும்படி சில வடிவங்களையும் மாற்றியது. தம்பியிடம் இரண்டாவது ஹார்டனிங் இடம் ஒன்றைப் பார்த்து வையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஈரோட்டில் விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். அதுவரைக்கும் பிக்கிங் நோஸை மட்டும் முன்கூட்டியே இரண்டு செட் செய்து வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது குறை, ஒற்றைப் பீஸ் அவசர வேலை என்றால் முகம் கொடுக்க மாட்டார். குறைந்தது நாலு பீஸாவது சொல்ல வேண்டும். முதலில் எனக்கே கோபம் வந்தது. அப்புறம் பக்கத்தில் நின்று பார்த்தேன். லேத்தில் டூலைக் கட்டி, சென்டர் பார்த்து, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவரத்தான் நேரம் போகிறது. அடுத்த பீஸ்கள் கடகடவென்று வந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய லிபர்டி சரக்குக் கப்பல்களும் அப்படித்தான். முதல் கப்பலுக்கு 244 நாள் ஆனது. போகப்போக ஆறு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. விளம்பரத்துக்காக ஒரு கப்பலை, முன்கூட்டியே செய்து வைத்த பெரிய பெரிய பகுதிகளைச் சேர்த்து, 1942 நவம்பரில் ஐந்து நாளுக்குள் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். மொத்தம் 2,710 கப்பல்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததைவிட வேகமாகக் கட்டினார்கள். அவசரத்தின் விலையும் இருந்தது, குளிர்ந்த கடலில் சில கப்பல்களின் இரும்பு விரிசல் விட்டது.

மூன்று பையன்கள் இங்கே வேலை கற்கிறார்கள், இரண்டு பேர் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். இதை நான் சேவையின் தரத்தோடு சேர்த்துத்தான் எழுதுகிறேன். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபோது அமெரிக்காவின் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு உற்பத்தி மாதம் 14,000 என்ற அளவில்தான் இருந்தது. அதை ஒரு லட்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இலக்கு வைத்துப் பணத்தைக் கொட்டியும் வருஷக்கணக்கில் ஆகிறது. ஐரோப்பிய யூனியன் 2023 மார்ச்சில், ஒரு வருஷத்துக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டு தருவதாகச் சொல்லி, அந்தக் கெடுவுக்குள் பாதியளவுதான் கொடுக்க முடிந்தது. பணம் இருந்தது. மெஷினும், அதை ஓட்டும் கையும், உள்ளே நிரப்பும் மருந்தும் உடனே கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் என்ற ஊரில் அந்தக் குண்டின் உடலைக் கடைவது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய ரயில் என்ஜின் பட்டறைக் கட்டடத்தில்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், திருச்சியோடு சேலத்தையும் ஒரு மையமாக 2019-லேயே அறிவித்துவிட்டார்கள். இரும்பாலை இருக்கிறது. எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்கு வேண்டிய மேக்னசைட் ஏற்காட்டு மலையடிவாரத்தில் கருப்பூர்ப் பக்கம் கிடைக்கிறது. ஆனால் என் கண்ணுக்கு அம்மாபேட்டைச் சந்தில் கேஜ் வைத்துப் பார்க்கப் பழகும் அந்தப் பையன்கள்தான் முக்கியம். போரே வரக் கூடாது என்றுதான் நான் விரும்புகிறேன். வகுப்பிலும் அதைத்தான் சொன்னேன். தறிக்கு புஷ் கடையும் கைதான் பம்புக்கும் கடையும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கடையும். அந்தக் கை ஊரில் இருக்க வேண்டும்.

விலை: எங்கள் அளவுக்குக் கன்மெட்டல் (செம்புக் கலவை) புஷ் ஒன்று 420 ரூபாய் ஆனது, வார்ப்பிரும்பு என்றால் பாதிக்கும் கீழே. கடையில் வாங்குவதைவிடக் கூடுதல்தான். மேஸ்திரி கூலியும் தறி நிற்கும் நேரமும் மிச்சமாவதால் கணக்கில் குறைவாகத்தான் வருகிறது. பல் உடைந்த பல்சக்கரத்தை பிரேசிங் செய்து, அதாவது பித்தளையை உருக்கி ஒட்டி, திரும்ப வெட்டித் தருகிறார், ஆனால் இரண்டு பல்லுக்கு மேல் போயிருந்தால் புதிது போடச் சொல்லிவிடுவார், கேளுங்கள். ஜிபே உண்டு. சந்துக்குள் கார் போகாது, டூவீலரில் போங்கள்.

பழைய பாகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு போக வேண்டாம். கிரீஸோடு அப்படியே எடுத்துப் போனால் தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்வார். தறி நம்பரைச் சாக்பீஸில் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். ஞாயிறு விடுமுறை. மற்ற நாளில் பத்து மணிக்கு முன்னால் போனால் அவரே இருப்பார்.